சுவரில் நிலைத்தது மூலிகையா, மண்ணா?

சித்தன்னவாசலுக்கோ தஞ்சைப் பெரிய கோயிலுக்கோ அஜந்தாவுக்கோ செல்பவர் காதில் தவறாமல் விழும் விளக்கம் ஒன்று உண்டு. இந்த ஓவியங்கள் மூலிகைச் சாற்றால் தீட்டப்பட்டவை, அதனால்தான் நூற்றாண்டுகள் கடந்தும் அழியாமல் இருக்கின்றன என்பது அது. முன்னோர் மீதுள்ள மதிப்பில் பிறந்த நம்பிக்கைதான். ஆயினும் அவர்கள் உண்மையில் அறிந்திருந்த நுட்பத்தை அது மறைத்துவிடுகிறது. அச்சுவர்களில் இன்று நாம் காணும் நிறங்கள் மண்ணும் கல்லும் கரியும் தந்தவை. எந்தப் பொருள் எந்தப் பரப்பில் நிற்கும் என்ற தேர்ச்சியே அவற்றைக் காத்தது என்பதுதான் இக்கட்டுரையின் வாதம்.

முதற்சான்று ஆய்வுக்கூடத்திலிருந்து வருகிறது. பெரிய கோயிலில் நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் மறைந்திருப்பதை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அதே பத்தாண்டில் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் தஞ்சை, காஞ்சி, சித்தன்னவாசல் ஓவியங்களின் சாந்தையும் நிறங்களையும் பகுத்தாய்ந்தார். சித்தன்னவாசலில் வெள்ளைக்குச் சுண்ணாம்பு, கறுப்புக்கு மரக்கரி, மஞ்சளுக்கு மஞ்சள் காவி, சிவப்புக்குச் செங்காவி, பச்சைக்குப் பச்சை மண், நீலத்துக்கு லாபிஸ் லசூலி என்னும் கல்லின் பொடி. அங்குள்ள தாமரைக் குள ஓவியத்தின் இலைப் பச்சையில்கூட இலைச் சாறு இல்லை; அது இரும்பு கலந்த ஒருவகைக் களிமண். லாபிஸ் லசூலிக்குப் பழங்காலத்தில் பெயர்பெற்ற சுரங்கம் ஆப்கானிஸ்தானத்துப் படக்‌ஷான் மலைகளில் இருந்தது. அஜந்தாவின் நீலமும் அக்கல்லின் பொடியே. இந்தப் பட்டியலில் மரத்திலிருந்து வந்தது கரி ஒன்றுதான். அதுவும் எரிந்து முடிந்தபின், இனி மாற ஏதுமில்லாத நிலையில் வந்தது.

செடியின் நிறத்தை ஓவியர் ஏன் ஒதுக்கினர் என்பதற்கு நம் வீட்டு வாசலிலேயே விடை இருக்கிறது. ஆரத்தி கரைக்கும்போது மஞ்சள் நீரில் சிறிது சுண்ணாம்பைச் சேர்த்தால் அது நொடியில் சிவந்துவிடுகிறது. காரத்தன்மை கொண்ட சுண்ணாம்பு பட்டதும் மஞ்சளின் நிறம் மாறுகிறது. அதையே ஈரச் சுண்ணாம்புச் சுவரில் தீட்டியிருந்தால் ஓவியன் நினைத்த நிறம் அன்றே கிடைத்திராது. எஞ்சியதையும் வெளிச்சம் வெளுக்கச் செய்திருக்கும். காவியின் கதை வேறு. அதன் நிறத்துக்குக் காரணம் ஏற்கெனவே துருவாகிவிட்ட இரும்பு. காற்றோ வெயிலோ சுண்ணாம்போ அதை எளிதில் மாற்றுவதில்லை. சுண்ணாம்புக் கல்லைச் சுடும்போது வெளியேறும் கரியமில வாயுவை, நீற்றிப் பூசிய சுண்ணாம்பு காற்றிலிருந்து திரும்பப் பெற்று மறுபடி கல்லாகிறது. சாந்து ஈரமாக இருக்கையில் தீட்டினால் நிறத்துகள்கள் அக்கல்லுக்குள்ளேயே சிக்கிக்கொள்கின்றன. தஞ்சையின் சோழர் ஓவியங்கள் இம்முறையில் அமைந்தவை என்பது பரமசிவனின் முடிவு. அஜந்தாவில் முறை வேறு: உமியும் நாரும் கலந்த மண்சாந்தின் மேல் பசை சேர்த்துத் தீட்டினார்கள். ஆயினும் அங்கும் நிறம் தந்தவை பெரும்பாலும் மண்ணும் கல்லுமே.

தாவர நிறங்களும் தீட்டப்பட்டு, காலப்போக்கில் மறைந்திருக்கலாமே என்று கேட்கலாம். இருக்கலாம், ஆனால் மறைந்துபோன ஒன்றை, நிலைத்ததற்குக் காரணமாகக் காட்ட முடியாது. மெக்சிகோவின் மாயா மக்கள் தீட்டிய நீலத்தை இன்னும் வலுவான மறுப்பாகச் சொல்லலாம். அது அவுரியில் கிடைக்கும் அதே நீலச் சாயந்தான். நூற்றாண்டுகள் தாண்டியும் மங்கவில்லை. ஆனால் அவர்கள் அதைத் தனியாகத் தீட்டவில்லை. பாலிகோர்ஸ்கைட் என்னும் களிமண்ணுடன் சேர்த்துச் சூடாக்கினார்கள். களிமண்ணின் நுண்துளைகள் சாயத்தைப் பிடித்துக் காத்தன. அங்கும் செடியைக் காப்பாற்றியது மண்தான். கனிம நிறங்களெல்லாம் நிலைத்தனவா என்றால், அதுவும் இல்லை. சாதிலிங்கம் என்னும் சிவப்புக் கனிமம் வெளிச்சத்தில் கறுத்துவிடும். ஈயவெள்ளை சுவரோவியங்களில் கருமையாக மாறியதற்கு இத்தாலியின் அசிசி நகரத் தேவாலயம் சாட்சி. ஆகவே கனிமம் என்ற ஒரே தகுதி போதாது. பொருளும் பரப்பும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும்.

இயற்கை நிறம் நிலைக்கும், செயற்கை நிறம் மங்கும் என்ற எண்ணமும் இதே சோதனையில் தோற்கிறது. லாபிஸின் நீலத்தைச் செயற்கையாகத் தயாரிக்கும் வழியை 1820களில் பிரான்சில் கிமேயும் ஜெர்மனியில் கிமெலினும் தனித்தனியே கண்டார்கள். நிறம் தரும் பொருள் இரண்டிலும் ஒன்றுதான், ஒளியை இரண்டுமே தாங்குகின்றன. இங்கிலாந்தின் ஓவியர் ரெனால்ட்ஸ் 18ஆம் நூற்றாண்டில் முகங்களுக்குப் பூசிய சிவப்பு, பூச்சியிலிருந்து எடுத்த இயற்கை நிறம். அது வெளுத்து, முகங்கள் இரத்தமற்றுப் போயின. வான்கோ 1888இல் இளம் ஊதாவாகத் தீட்டிய படுக்கையறைச் சுவர் இன்று நீலமாகத் தெரிவதற்கு, மங்கிப்போன சிவப்பே காரணம். நிறத்தின் ஆயுளை அதன் பிறப்பிடம் தீர்மானிப்பதில்லை.

இதனால் தாவரத்தின் பெருமை குறையாது. அதன் இடம் வேறு. துணியில் கடுக்காயும் படிகாரமும் சாயவேரும் சேர்ந்து தந்த சிவப்பு, கோரமண்டல் கரையின் துணிகளை ஐரோப்பாவரை கொண்டுசென்றது. சுவரிலும் கடுக்காயும் வெல்லமும் சாந்துக்கு உறுதி தந்தன. நிறம் தரும் வேலையை மட்டும் அவற்றிடம் யாரும் ஒப்படைக்கவில்லை.

ஆயிரம் ஆண்டு கடந்த ஓவியத்துக்கு எது எதிரி என்பதை அறிய இந்தத் தெளிவு வேண்டும். மூலிகையின் மகிமையே காக்கும் என்று நம்பினால், கூரையிலிருந்து ஒழுகும் நீரையும் சுவரில் பூக்கும் உப்பையும் விளக்குப் புகையையும் யாரும் பொருட்படுத்தமாட்டார்கள். நல்லெண்ணமும் கெடுத்ததுண்டு: நிஜாம் அரசு 1920இல் அஜந்தாவுக்கு வரவழைத்த இத்தாலிய வல்லுநர்கள் பாதுகாப்புக்காகப் பூசிய அரக்கு மெருகு நாளடைவில் பழுப்பேறி ஓவியங்களை மங்கச் செய்தது. திருப்பணி என்ற பெயரில் பழைய சுவரில் வெள்ளையடிக்கும் முன், அதன் அடியில் என்ன இருக்கிறது என்று ஒரு வேதியியலாளரை அழைத்துப் பார்க்கச் சொல்லும் வழக்கம் ஒவ்வொரு கோயிலிலும் ஏற்பட வேண்டும். நிர்வாகிகளும் ஊராரும் இதை ஒரு கடமையாகவே கொள்ள வேண்டும்.