ஏழை நாடுகளுக்கு வந்த நச்சுக் கழிவு: வாக்குரிமை இல்லாத அமைப்புகள் உலகச் சட்டத்தை மாற்றியது எப்படி?

'பழைய மெத்தைகள்' என்று ஆவணத்தில் எழுதப்பட்டு பிரிட்டனிலிருந்து கொழும்புக்கு வந்த கொள்கலன்கள் 2019-இல் திறந்து பார்க்கப்பட்டன. கிழிந்த மெத்தைகளோடும் தரைவிரிப்புகளோடும் மருத்துவமனைக் கழிவுகளும் கலந்திருந்தது தெரியவந்தது. இலங்கையின் சுற்றுச்சூழல் நீதி மையம் என்ற அமைப்பு மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடியது. 2020 செப்டம்பரில் முதல் 21 கொள்கலன்கள் திருப்பி அனுப்பப்பட்டன. கடைசிக் கொள்கலன்கள் 2022 பிப்ரவரியில்தான் கப்பலேறின. மொத்தம் 263.

இந்தச் செய்தியை நம்மில் பலர் படித்திருப்போம். ஆனால் ஒரு சின்ன நாடு பிரிட்டனைப் பார்த்து "உங்கள் குப்பையை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்" என்று எந்தச் சட்டத்தை வைத்துச் சொன்னது என்று நாம் யோசித்திருக்க மாட்டோம். அதன் பெயர் பாசல் உடன்படிக்கை. அதை அரசுகள்தாம் கையெழுத்திட்டு உருவாக்கின. ஆனால் அதற்குப் பல்லைக் கொடுத்ததில் பெரும்பங்கு, அந்த மண்டபத்தில் வாக்குரிமையே இல்லாத சுற்றுச்சூழல் அமைப்புகளுடையது.

1980-களில் மேற்கு நாடுகளில் நச்சுக் கழிவை அழிக்கும் செலவு ஏறிக்கொண்டே போனது. ஆப்பிரிக்காவில் கொட்டினால் மிகச் சொற்பச் செலவுதான். நைஜீரியாவின் கோக்கோ என்ற சிறு துறைமுக ஊரில் ஒருவருடைய இடம் மாதம் 100 டாலர் வாடகைக்கு எடுக்கப்பட்டு, இத்தாலியிலிருந்து ஆயிரக்கணக்கான பீப்பாய்கள் வந்து இறங்கின. உள்ளே என்ன இருக்கிறதென்று அந்த ஊர் மக்களுக்குத் தெரியாது. 1988-இல் விஷயத்தை வெளியே கொண்டுவந்தவர்கள் இத்தாலியில் படித்துக்கொண்டிருந்த நைஜீரிய மாணவர்கள். அங்கே வந்த செய்திகளைப் படித்துவிட்டுத் தாய்நாட்டுப் பத்திரிகைகளுக்கு எழுதினார்கள். நைஜீரிய அரசு தன் தூதரைத் திரும்ப அழைத்துக்கொண்டது, ஓர் இத்தாலியக் கப்பலையும் பிடித்துவைத்தது. இத்தாலி கழிவைத் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று.

அதே ஆண்டில் ஹெய்ட்டியிலும் ஒரு கதை நடந்தது. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரக் குப்பையை எரித்த சாம்பலை ஏற்றிக்கொண்டு 1986-இல் புறப்பட்ட 'கியான் சீ' என்ற கப்பல், சுமார் 4,000 டன் சாம்பலை 'உரம்' என்று சொல்லி ஹெய்ட்டிக் கடற்கரையில் கொட்டியது. மீதியை ஏற்க எந்த நாடும் முன்வரவில்லை. பெயரை மாற்றி மாற்றி அலைந்த கப்பல் கடைசியில் காலியாக நின்றது. மீதி கடலுக்குள் போயிருந்தது. ஹெய்ட்டியில் கிடந்த சாம்பல் அமெரிக்காவுக்குத் திரும்பியது 2000-ஆம் ஆண்டில்தான்.

இந்தக் கொந்தளிப்பில் 1989 மார்ச் 22 அன்று சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் உடன்படிக்கை ஏற்கப்பட்டது. கழிவை அனுப்பும் நாடு, பெறும் நாட்டிடம் முன்கூட்டியே எழுத்துமூலம் சம்மதம் வாங்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கிரீன்பீஸ் போன்ற அமைப்புகளும் ஆப்பிரிக்க நாடுகளும் இதை ஏற்கவில்லை. கடனில் மூழ்கிய ஒரு நாட்டின் அமைச்சகத்திடம் சம்மதம் வாங்குவதா கடினம்? கொள்ளையைத் தடுப்பதற்குப் பதில் அதற்கு ரசீது போடும் ஏற்பாடு இது என்பதே அவர்கள் குற்றச்சாட்டின் சாரம். நம் பார்வையில் அது நியாயமான குற்றச்சாட்டுத்தான். ஆப்பிரிக்க நாடுகள் 1991-இல் பமாக்கோவில் கூடி, தங்கள் கண்டத்துக்குள் நச்சுக் கழிவு வரவே கூடாது என்று தனி உடன்படிக்கை செய்துகொண்டன.

அமைப்புகள் எப்படி வேலை செய்தன என்பதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். உடன்படிக்கையின் 15-ஆவது பிரிவு அரசு சாரா அமைப்புகளையும் பார்வையாளர்களாக அனுமதிக்கிறது. வந்திருக்கும் நாடுகளில் மூன்றில் ஒரு பங்கு எதிர்த்தால்தான் அவர்களைத் தடுக்க முடியும். பார்வையாளருக்கு வாக்கு கிடையாது. உட்காரலாம், அழைத்தால் பேசலாம், நடைவழியில் பிரதிநிதிகளைச் சந்திக்கலாம். அந்த நடைவழிதான் முக்கியம். பணக்கார நாடுகள் வழக்கறிஞர்களும் நிபுணர்களுமாக ஒரு குழுவையே அழைத்து வரும். ஏழை நாட்டிலிருந்து ஓரிருவர்தான் வருவார்கள். நூற்றுக்கணக்கான பக்கங்களை அவர்கள் எப்போது படிப்பது? அந்த இடத்தில் கிரீன்பீஸ்காரர்கள் ஆதாரத்தோடு நின்றார்கள். எந்தக் கப்பல், எந்த நிறுவனம், எந்தத் துறைமுகம் என்று பல ஆண்டுகளாகத் திரட்டிய பட்டியல் அவர்கள் கையில் இருந்தது. மறுசுழற்சிக்கு என்று சொல்லி அனுப்பப்பட்டது உண்மையில் எங்கே போய்ச் சேர்ந்தது என்று காட்டினார்கள். உணர்ச்சிவசப்பட்டுப் பேசியவர்கள் என்று அவர்களை ஒதுக்கிவிட முடியாதபடி செய்தது அந்தப் பட்டியல்தான்.

1994 மார்ச்சில் ஜெனீவாவில் வளரும் நாடுகள் ஒன்றாக நின்றன. டென்மார்க் போன்ற ஒருசில பணக்கார நாடுகளும் பக்கபலமாக வந்தன. பணக்கார நாடுகளின் கூட்டமைப்பான ஓஇசிடி நாடுகளிலிருந்து மற்ற நாடுகளுக்கு நச்சுக் கழிவு போகக் கூடாது என்று முடிவானது. புதைக்கவும் எரிக்கவும் அனுப்புவதற்கு உடனடித் தடை. மறுசுழற்சி என்ற பெயரில் அனுப்புவதற்கு 1997 இறுதிவரை அவகாசம். அந்த முடிவு யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது என்று எதிர்த்தரப்பு வாதாடியதால், 1995-இல் அது உடன்படிக்கையின் திருத்தமாகவே கொண்டுவரப்பட்டது.

வெற்றி என்று எல்லோரும் வீட்டுக்குப் போயிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். திருத்தம் நடைமுறைக்கு வர எத்தனை நாடுகள் ஒப்புதல் தர வேண்டும் என்ற கணக்கிலேயே சர்ச்சை எழுந்து ஆண்டுகள் ஓடின. கிரீன்பீஸில் இந்த வேலையைச் செய்த ஜிம் பக்கெட் 1997-இல் அமெரிக்காவில் பாசல் செயல்பாட்டு வலையமைப்பு என்ற தனி அமைப்பைத் தொடங்கி, இந்த ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். சீனாவின் குயியூ பகுதியில் பழைய கணினிகளை எரித்தும் அமிலத்தில் ஊறவைத்தும் உலோகம் எடுக்கும் காட்சிகளை அந்த அமைப்பு 2002-இல் உலகுக்குக் காட்டியது. ஒப்புதல் கணக்குச் சிக்கல் 2011-இல் தீர்ந்தது. தடைத் திருத்தம் 2019 டிசம்பர் 5 அன்று நடைமுறைக்கு வந்தது. ஏற்கப்பட்டு 24 ஆண்டுகள்! உடன்படிக்கையில் 1990-இல் கையெழுத்திட்ட அமெரிக்கா அதற்கு இன்னும் ஒப்புதலே தரவில்லை.

இடைப்பட்ட காலத்தில் நீதிமன்றங்களும் பயன்பட்டன. கல்நார் நிறைந்த 'கிளெமான்சோ' என்ற போர்க்கப்பலைப் பிரான்ஸ் உடைப்பதற்காகக் குஜராத்தின் ஆலங்குக்கு அனுப்பியது. கல்நார் தூசி நுரையீரலை அரிப்பது. ஆலங்கில் அதை வெறுங்கையால் பிரிக்கப்போவது ஏழைத் தொழிலாளர்கள். பிரெஞ்சு அமைப்புகள் தங்கள் அரசின் மீதே வழக்குப் போட்டன. 2006 பிப்ரவரி 15 அன்று பிரான்சின் உச்ச நிர்வாக நீதிமன்றம் ஏற்றுமதியை நிறுத்திவைத்தது. அதிபர் சிராக், கப்பலைத் திரும்பி வரச் சொன்னார். அது கடைசியில் இங்கிலாந்தில் உடைக்கப்பட்டது.

2018-இல் சீனா பிளாஸ்டிக் கழிவை வாங்க மறுத்ததும் அந்தக் குப்பை மலேசியா, இந்தோனேசியா பக்கம் திரும்பியது. கிழக்கு ஜாவாவில் 'எகோடோன்' போன்ற உள்ளூர் அமைப்புகள், காகிதக் கழிவு என்று வந்த பொதிகளில் பிளாஸ்டிக் குப்பை கலந்திருப்பதை வெளிப்படுத்தின. நார்வே முன்மொழிய, கலப்பு பிளாஸ்டிக் கழிவுக்கும் முன்சம்மதம் வேண்டும் என்ற திருத்தம் 2019 மே மாதம் ஏற்கப்பட்டு 2021 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. 2025 ஜனவரி முதல் எல்லா வகை மின்னணுக் கழிவுக்கும் இதே விதி. இம்முறை முன்மொழிந்தவை சுவிட்சர்லாந்தும் கானாவும்.

பார்வையாளர் இருக்கையில் தொழில்துறைச் சங்கங்களும் உட்காருகின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். அவர்களிடம் பணமும் ஆளும் அதிகம். 'கழிவு' என்பதைப் 'பயன்படுத்திய பொருள்' என்று மாற்றி எழுத வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். கொழும்புக்கு வந்த மெத்தைகளும் அப்படித்தான் வந்தன.

சட்டவிரோதமாக வந்த கழிவு பற்றித் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் அனுப்பிய நாடு அதைத் திரும்ப எடுக்க வழிசெய்ய வேண்டும் என்கிறது உடன்படிக்கையின் 9-ஆவது பிரிவு. இரு நாடுகளும் பேசி வேறு கால அளவும் வைத்துக்கொள்ளலாம். இந்தியாவின் 2016 விதிகளின்படி, இறக்குமதி செய்தவர் தன் செலவில் 90 நாளுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். இந்தக் கெடுக்களால் பயன் கிடைக்க வேண்டுமானால் யாராவது பெட்டியைத் திறந்து பார்த்துப் புகார் எழுத வேண்டும். கொழும்பில் புகார் எழுந்த பிறகும் கடைசிப் பெட்டி போய்ச் சேர மூன்றாவது ஆண்டு பிறந்துவிட்டது.