சிறுநீரகத் தழும்பை உண்டாக்கும் செல்கள்: ஒரு தேடலின் வரலாறு

லண்டன் கைஸ் மருத்துவமனையின் மருத்துவர் ரிச்சர்ட் பிரைட், உடல் வீங்கி, சிறுநீரில் அல்புமின் என்னும் புரதம் கழிந்து இறந்த நோயாளிகளைப் பிணக்கூறாய்வு செய்தபோது, அவர்களுள் சிலரின் சிறுநீரகங்கள் சுருங்கி, இறுகி, மேற்பரப்பு குருணை போலாகியிருந்ததைக் கண்டு 1827இல் வெளியிட்டார். அந்த இறுக்கம் தழும்புத் திசுவால் விளைந்தது என்பது பின்னர் நுண்ணோக்கியில் தெளிவானபோதிலும், ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நோயியலாளரின் கவனம் இரத்தத்தை வடிகட்டும் தந்துகி முடிச்சான குளோமெருலஸ் மீதே பெரிதும் குவிந்திருந்தது. உயிருடன் இருப்பவரின் சிறுநீரகத்திலிருந்து ஊசியால் திசு எடுக்கும் முறையைக் கோபன்ஹேகனைச் சேர்ந்த இவர்சனும் புரூனும் 1951இல் விவரித்த பின்னர், திசுவின் தோற்றத்தையும் உறுப்பின் செயல்திறனையும் ஒரே நோயாளியிடம் ஒப்பிடுவது எளிதாயிற்று. 1968இல் ரிஸ்டன், ஸ்லோப்பர், டி வார்டனர் ஆகிய மூவரும், குளோமெருலஸ் நோய்களில்கூடச் செயல்திறன் இழப்பு நுண்குழல்களின் சேதத்துடனேயே நெருங்கிப் பொருந்துவதைக் காட்டியதும், அக்குழல்களுக்கு இடையே உள்ள இடைத்திசு முதன்மையான ஆய்வுக்களமாகத் தகுதி பெற்றது.

இடைத்திசுவில் வாழ்பவை மெசன்கைமல் செல்கள். அதாவது, தோலிலும் குழல்களின் உட்சுவரிலும் உள்ள எபிதீலியச் செல்களைப் போல ஒன்றோடொன்று ஒட்டி அடுக்காக நில்லாமல், தளர்வாகப் பரவிக் கிடக்கும் இணைப்புத்திசு வகைச் செல்கள். நார்ப்பொருளைச் சுரக்கும் ஃபைப்ரோபிளாஸ்டும், தந்துகிகளைத் தழுவி நிற்கும் பெரிசைட்டும் இவற்றுள் அடங்கும். 1971இல் கப்பியானி, ரயன், மாஜ்னோ ஆகியோர், ஆறும் புண்ணின் திசுவில் தசையைப் போலச் சுருங்கும் ஃபைப்ரோபிளாஸ்ட்களை இனங்கண்டனர். மயோஃபைப்ரோபிளாஸ்ட் என்று பெயர் பெற்ற இச்செல்களே சிறுநீரகத் தழும்பிலும் கொலாஜன் நார்களைக் குவிக்கின்றன என்பது பின்னர் உறுதியாயிற்று. ஆரோக்கியமான சிறுநீரகத்தின் இடைத்திசுவில் அவை ஏறத்தாழ இல்லை எனலாம். ஆகவே அவை எங்கிருந்து வருகின்றன என்ற கேள்வி எழுந்தது.

இக்கேள்விக்கு முதலில் பெருஞ்செல்வாக்குப் பெற்ற விடை, நுண்குழல்களின் எபிதீலியச் செல்களே உருமாறி மெசன்கைமல் செல்களாகின்றன என்பதாகும். கொலாஜன் கூழில் மிதக்கவிடப்பட்ட எபிதீலியச் செல்கள் அவ்வாறு மாறக்கூடும் என்பதை 1982இல் கிரீன்பர்கும் எலிசபெத் ஹேயும் கண்டிருந்தனர். எரிக் நீல்சனின் குழு 1995இல் எஃப்.எஸ்.பி.1 என்னும் புரதத்தை ஃபைப்ரோபிளாஸ்டின் அடையாளமாக முன்வைத்து, 2002இல் சுண்டெலிச் சிறுநீரகத்தில் அத்தகைய செல்களுள் சுமார் 36 விழுக்காடு குழல் எபிதீலியத்திலிருந்து வந்தவை என மதிப்பிட்டது. ஆயினும் அப்புரதம் வெள்ளையணுக்களிலும் காணப்படுவது பின்னர் தெரியவந்தபோது, அந்தக் கணக்கின் அடித்தளம் ஆட்டம் கண்டது. அடையாளப் புரதம் ஒரு செல்லின் இன்றைய நிலையைத்தான் சொல்லும், அதன் பிறப்பிடத்தைச் சொல்லாது என்பதே இத்துறை பெருவிலை கொடுத்துக் கற்ற பாடம்.

பிறப்பிடத்தை அறிய வேறு வழி வேண்டியிருந்தது. குறிப்பிட்ட செல் வகையின் மரபணுவில் நிலையான நிறக்குறியைப் பதித்து, அதன் வழித்தோன்றல்களையெல்லாம் பின்தொடரும் முறையைக் கையாண்டு, ஹம்ஃப்ரீஸும் டஃபீல்டும் அவர்களுடைய குழுவினரும் 2010இல், குறியிடப்பட்ட எபிதீலியச் செல்கள் இடைத்திசுவுக்குள் இறங்கவேயில்லை என்றும், பெரிசைட்களே மயோஃபைப்ரோபிளாஸ்ட்களாயின என்றும் காட்டினர். 2013இல் கல்லுரி என்னும் ஆய்வாளரின் குழு உள்ளூர் ஃபைப்ரோபிளாஸ்ட்களுக்குப் பாதிப் பங்கும் எலும்பு மச்சைக்கு 35 விழுக்காடும் அளித்து, எபிதீலியத்துக்கு 5 விழுக்காட்டை மட்டுமே விட்டுவைத்தது. ஆனாலும் எபிதீலியம் குற்றமற்றதாகிவிடவில்லை. காயமுற்ற குழல் செல்கள் தம் இடத்தை விட்டு அகலாமலே பாதி உருமாறி, அண்டையிலுள்ள மெசன்கைமல் செல்களைத் தூண்டும் சமிக்ஞைகளைச் சுரக்கின்றன என்று 2015இல் வெளியான இரு ஆய்வுகள் நிறுவின. மனிதச் சிறுநீரகச் செல்களை ஒவ்வொன்றாகப் பகுத்தாய்ந்து 2021இல் வெளியான ஆய்வும் ஃபைப்ரோபிளாஸ்ட்களையும் பெரிசைட்களையுமே முதன்மைத் தோற்றுவாயாகச் சுட்டியது.

இந்த வரலாற்றில் நோயாளிக்கு மிக நெருக்கமான பகுதி இரத்தசோகையைப் பற்றியது. சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொயட்டின் என்னும் ஹார்மோனைச் சுரப்பவையும் இதே இடைத்திசு ஃபைப்ரோபிளாஸ்ட்கள்தாம். மயோஃபைப்ரோபிளாஸ்ட்களாக மாறும்போது அவை அந்த ஆற்றலை இழக்கின்றன என்று 2011இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினர். 2013இல் அந்நாட்டின் மற்றொரு குழு, சுண்டெலியின் சிறுநீர்க்குழாயில் ஏற்படுத்திய அடைப்பை நீக்கியபின், மாறிய செல்கள் பழைய இயல்பை மீண்டும் பெற்று எரித்ரோபொயட்டினைச் சுரக்க வல்லவை என்பதைக் கண்டறிந்தது.