தோடம்பழ நிறக் கொடியும் ஐந்து தொகுதிகளும்

எங்கட ஆக்களில் வீட்டுக்கு ஒருவராவது வளைகுடா நாடுகளில் உழைத்திருப்பினம். கேட்டால், "அங்கை அரசியல் எண்டு ஒண்டும் இல்லை, வாய் திறக்கேலாது" எண்டு சொல்லுவினம். வெளிநாட்டுத் தொழிலாளிக்கு அது உண்மைதான். ஆனால் குவைத் குடிமக்களுக்கு 1963ஆம் ஆண்டிலேயே தேர்தலால் தெரிவான பாராளுமன்றம் வந்துவிட்டது. ஐக்கிய அரபு இராச்சியத்தில் முதல் தேர்தல் 2006 டிசம்பரில்தான் நடந்தது. அதுவும் அரசாங்கம் பொறுக்கி எடுத்த ஏழாயிரத்துக்கும் குறைவான ஆட்களுக்கு மட்டும்தான் வாக்கு.

குவைத்தில் தெரிவான உறுப்பினர் 50 பேர். முதலில் 10 தொகுதிகள், தொகுதிக்கு ஐந்து பேர். 1981 தேர்தலுக்கு முன் அரசாங்கம் அதை 25 ஆக வெட்டி, தொகுதிக்கு இரண்டு பேர் எண்டு ஆக்கியது. ஒரு தொகுதியில் சில ஆயிரம் வாக்காளர்தான். அவ்வளவு சின்ன இடத்தில் வாக்கை விலைக்கு வாங்குவது லேசு. ஒரே கோத்திரத்து ஆட்களைச் சேர்ப்பதும் லேசு.

இந்த வித்தை எங்களுக்குப் புதிசில்லை. 1976இல் தொகுதி எல்லைகளைத் திருத்தினபோது திருகோணமலை மாவட்டத்தில் சேருவில எண்ட புதுத் தொகுதி உருவானது. 1977இல் அங்கிருந்து சிங்கள உறுப்பினர் தெரிவானார். கள்ளவோட்டுப் போடத் தேவையில்லை, கோட்டை எங்கை கீறுகிறது எண்டு தெரிந்தால் போதும்.

குவைத் பெடியளுக்கும் இது விளங்கியிருந்தது. 2006 மே மாதம் பல்கலைக்கழக மாணவர்களும் இளம் பட்டதாரிகளும், பெண்பிள்ளைகளும் சேர்ந்து, தோடம்பழ நிறக் கொடிகளோடு அமைச்சரவை கூடும் சீஃப் அரண்மனைக்கும் பாராளுமன்றத்துக்கும் முன்னால் திரண்டனர். "எங்களுக்கு ஐந்து வேண்டும்" என்பதுதான் கோஷம். 25 தொகுதிகளை ஐந்தாகக் குறை, வாக்கு வாங்குகிற வியாபாரம் கஷ்டப்படும் என்பதே கணக்கு. கைத்தொலைபேசிக் குறுஞ்செய்தியால்தான் ஆட்களைக் கூப்பிட்டார்கள். நிறத்தை 2004இல் உக்ரேனில் நடந்த போராட்டத்தில் இருந்து எடுத்தவை.

அரசாங்கம் பத்துத் தொகுதி எண்டு பேரம் பேசியது, பிறகு விஷயத்தை அரசியலமைப்பு நீதிமன்றத்துக்குத் தள்ளப் பார்த்தது. 29 உறுப்பினர்கள் வெளிநடப்புச் செய்தனர். பிரதமரைச் சபையில் விசாரிக்கவேணும் எண்டு கேட்டதும், மே 21ஆம் திகதி அமீர் ஷேக் சபா சபையைக் கலைத்தார். ஜூன் 29இல் தேர்தல். முதல் வருஷம்தான் வாக்குரிமை கிடைத்த பெண்கள் முதன்முதலாகப் பொதுத்தேர்தலில் வாக்களித்தார்கள். போட்டியிட்ட பெண்கள் ஒருவரும் வெல்லவில்லை. ஆனால் சீர்திருத்தக்காரர் வென்றார்கள். ஜூலையில் ஐந்து தொகுதிச் சட்டம் நிறைவேறியது. 2009இல் நாலு பெண்கள் சபைக்குள் போயினர்.

அதோடை முடியவில்லை. ஒரு ஆளுக்கு இருந்த நாலு வாக்கை 2012 அக்டோபரில் அமீர் ஒரு கட்டளையால் ஒண்டாகக் குறைத்தார். திரும்பவும் பெரும் ஊர்வலங்கள், இந்தமுறை கண்ணீர்ப்புகை. டிசம்பர் தேர்தலை எதிர்க்கட்சிகள் பகிஷ்கரித்தன. 2024 மே 10ஆம் திகதி, தேர்தல் நடந்து ஐந்து கிழமை கழிய, இப்போதைய அமீர் ஷேக் மிஷால் சபையைக் கலைத்து, அரசியலமைப்பின் சில பிரிவுகளையும் நாலு வருஷம் வரைக்கும் நிறுத்திவைத்தார்.