ஒரு பயணம், இரண்டு சூரியோதயம்

காவிரியின் இக்கரையில் எங்கள் குமாரபாளையம், அக்கரையில் பவானி. தூரம் எவ்வளவு என்று கேட்டால், என் இளமையில் முதியோர் மைல் கணக்குச் சொல்லமாட்டார்கள். “அரை நாழிகை வழி” என்பார்கள். தொலைவைக் காலத்தால் அளந்த அவ்வழக்கின் பொருளை ஒரு வரலாற்று நிகழ்ச்சி விளக்குகிறது.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. ஆஸ்திரேலியாவையும் இங்கிலாந்தையும் இணைத்த விமான வழி அறுந்தது. அதனை மீண்டும் இணைக்க, 1943-இல் குவான்டாஸ் நிறுவனம் பெர்த் நகரிலிருந்து இலங்கையின் தென்கரையிலுள்ள கொக்கலை ஏரிக்குக் கேட்டலைனா என்னும் கடல் விமானங்களை விட்டது. தூரம் ஏறக்குறைய 5,600 கிலோமீட்டர். வேகமோ மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர். ஆகவே பயணம் 27 முதல் 33 மணி நேரம் நீடித்தது. எரிபொருளின் பாரத்தால் மூன்று பயணிகளுக்கு மேல் இடமில்லை. பகைவர் அறியாவண்ணம் வானொலி மௌனம் காத்து, விண்மீன்களை அளந்தே வழி கண்டனர். ஒரே பயணத்தில் இருமுறை சூரியன் உதிக்கக் கண்டனர். 1945 ஜூலை வரை 271 முறை கடலைக் கடந்தும் ஒரு விமானத்தையும் இழக்கவில்லை.

2018-இல் அதே நிறுவனம் பெர்த்திலிருந்து இலண்டனுக்கே, ஏறத்தாழ 14,500 கிலோமீட்டரை, சுமார் 17 மணி நேரத்தில் இடைநில்லாமல் பறக்கத் தொடங்கியது.

“கடல் சுருங்கிவிட்டதா, ஐயா?” என்று என் வகுப்பில் ஒருவன் கேட்டான். கடல் சுருங்கவில்லை, தம்பி. மனிதனின் அறிவு நீண்டது. வரைபடத்தில் அளவுகோலை வைக்கும்போது, அந்த இருளில் விண்மீனை நம்பிப் பறந்தவர்களையும் நினைவுகொள்ளுங்கள்.