சிவப்புக் கோடு

இலண்டனில் வீட்டைப் பின்பக்கம் நீட்டிக் கட்ட அனுமதி கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: காணிப் பதிவகப் படத்தைப் பார்த்து அப்படியே கோடு போடாதீர்கள். அது எல்லையைப் பொதுவாகத்தான் காட்டும். 2002ஆம் ஆண்டின் காணிப் பதிவுச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. மதிலை நாடா பிடித்து அளக்கவேண்டும்.

கவுன்சில் கேட்பவை இரண்டு படங்கள். அமைவிடப்படம் பெரும்பாலும் 1:1250 அளவில். மனைப்படம் 1:500 அல்லது 1:200. இரண்டிலும் வடதிசைக் குறி வேண்டும். அமைவிடப்படத்தில் கட்டப்போகும் காணியையும் தெருவிலிருந்து வரும் வழியையும் சிவப்புக் கோட்டுக்குள் அடக்கவேண்டும். பக்கத்தில் உங்களுக்கு வேறு காணி இருந்தால் அதற்கு நீலம்.

வேலிச் சண்டையை ஊரோடு விட்டு வந்ததாக நினைப்பவர்கள் கவனிக்க: அத்திவாரமோ கூரைப் பீலியோ அயலவர் பக்கம் சற்று நீண்டாலும், விண்ணப்பிக்குமுன் அவருக்கு எழுத்தில் அறிவிக்கவேண்டும். கவுன்சில் அனுமதி தந்தாலும், அவர் நிலத்தில் கட்டும் உரிமை அதனால் வந்துவிடாது.