காத்திருக்கத் தெரிந்த அப்பா: யூனிக்ஸில் பைப்பும் வெயிட்டும் வந்த கதை

"பி.காம் படிக்கிறவனுக்கு சி மொழியில் என்னடா வேலை?" என்று வகுப்பில் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் கணக்கு முடிப்பதைப் பற்றி நான் படித்ததிலேயே சுவாரசியமான வரலாறு யூனிக்ஸ் இயங்குதளத்துக்குள்தான் இருக்கிறது. பயப்படாதீர்கள், கோட் எதுவும் வராது.

கும்மிடிப்பூண்டி சிப்காட், காக்களூர் சிட்கோ பக்கம் இருப்பவர்களுக்கு ஜாப் வொர்க் என்றால் விளக்க வேண்டாம். ஒரு கம்பெனி தன் சரக்கை சலான் போட்டு சின்னப் பட்டறைக்கு அனுப்பும்; அங்கே கடைசல் பிடித்தோ முலாம் பூசியோ திரும்பி வரும். வந்ததா என்று பார்த்துக் கணக்கை முடிப்பது அனுப்பியவர் பொறுப்பு. ஒரு ப்ரோக்ராம் இன்னொன்றை ஓடவிட்டு, அது தருவதை பைப் என்ற குழாய் வழியாக வாங்கி, அது முடியும்வரை காத்திருப்பதும் இதே ஏற்பாடுதான். ஓடவிடுவது அப்பா ப்ராசஸ், ஓடுவது பிள்ளை ப்ராசஸ்.

இப்படி ஒரு ப்ராசஸ் இரண்டாகக் கிளை பிரிவதற்கு ஃபோர்க் என்று பெயர். 1963-ல் மெல்வின் கான்வே எழுதிய கட்டுரையில் இந்த யோசனை இருக்கிறது. பெர்க்லி பல்கலைக்கழகத்துக் கணினி ஒன்றில் அது நடைமுறைக்கு வந்தது. அங்கே படித்த கென் தாம்ப்ஸன், பெல் ஆய்வகத்தில் 1969-ல் பிடிபி-7 என்ற பழைய கணினியில் யூனிக்ஸைத் தொடங்கியபோது அதையும் எடுத்துக்கொண்டார். அதற்குத் தேவைப்பட்டது வெறும் 27 வரி அசெம்ப்ளி என்று டென்னிஸ் ரிட்சி பிற்பாடு எழுதியிருக்கிறார்.

27 வரியில் பிள்ளை பிறந்துவிட்டது. தலைவலியும் கூடவே பிறந்தது. டைரக்டரி மாற்றும் கட்டளை திடீரென்று வேலை செய்யவில்லை! தேடிப் பார்த்தால் காரணம் எளிது: பிள்ளை தன் டைரக்டரியை ஒழுங்காக மாற்றிக்கொண்டு செத்துப்போகிறது, அப்பா இருந்த இடத்திலேயே இருக்கிறார். அதனால்தான் இன்றைக்கும் அந்த ஒரு வேலையை ஷெல் யாரிடமும் கொடுக்காமல் தானே செய்துகொள்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் அடுத்தது. பிள்ளை வேலையை முடித்தது அப்பாவுக்கு எப்படித் தெரியும்? அப்போது வெயிட் என்ற அழைப்பே கிடையாது. செய்தி அனுப்ப ஒன்று, வாங்க ஒன்று, அவ்வளவுதான். ஷெல் என்ன செய்யும் என்றால், பிள்ளைக்கு ஒரு செய்தி அனுப்பும். பிள்ளை அதைப் படிக்காது. படிக்கும்வரை அனுப்பியவர் அசையாமல் நிற்க வேண்டும். பிள்ளை வேலை முடிந்து மறைந்ததும் "அப்படி ஒரு ஆளே இல்லை" என்று பிழை திரும்பி வரும். அந்தப் பிழைதான் வேலை முடிந்ததற்கு அடையாளம்! பதிவுத் தபால் திரும்பி வந்த பிறகு, ஆள் வீட்டைக் காலி செய்துவிட்டார் என்று தெரிந்துகொள்வது மாதிரி. பிறகு இந்தச் சுற்றுவழியை விட்டுவிட்டு, நேராக வெயிட் என்றே ஒன்றை வைத்தார்கள். 1971-ல் வந்த முதல் பதிப்புக் கையேட்டிலேயே அது இருக்கிறது.

பைப் அதற்குப் பிறகுதான் வந்தது. ப்ரோக்ராம்களைத் தோட்டத்து ஹோஸ் போல ஒன்றோடொன்று மாட்ட முடிய வேண்டும் என்று டக் மெக்கில்ராய் 1964-லேயே ஒரு குறிப்பு எழுதியிருந்தார். தாம்ப்ஸன் அதைச் செய்துகொடுத்தது 1973-ல். அதே ஆண்டில்தான் யூனிக்ஸின் மையப்பகுதியும் சி மொழியில் திருப்பி எழுதப்பட்டது. குழாய், ஃபோர்க், வெயிட் மூன்றையும் ஒரே கட்டாகக் கட்டி பீஓப்பன், பீக்ளோஸ் என்று கொடுத்தது 1979-ல் வந்த ஏழாம் பதிப்பு. பைப்பைப் பற்றிப் பேசாத யூனிக்ஸ் புத்தகம் இல்லை. வெயிட்டை யாரும் கொண்டாடுவதில்லை. எனக்கென்னவோ இது அநியாயமாகப் படுகிறது.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். தமிழ்நாட்டுக் கல்லூரி லேப்களில் ரொம்ப வருடம் சி மொழி என்றால் டாஸ் மேல் ஓடும் டர்போ சி-யின் நீலத் திரைதான். டாஸில் ஒரு நேரத்தில் ஒரு ப்ரோக்ராம்தான். 1983-ல் வந்த டாஸ் 2.0-வில் பைப் குறி இருந்தது, ஆனால் அது பாவனைதான்: முதல் ப்ரோக்ராம் எழுதியதை எல்லாம் தற்காலிகக் கோப்பில் கொட்டி, அது முடிந்த பிறகே இரண்டாவதை ஓடவிடும். டர்போ சி-யில் ஸ்பான் என்று ஒரு வசதி உண்டு. "காத்திருக்காதே" என்று சொல்ல அதில் ஒரு பெயர்கூட வைத்திருந்தார்கள். கொடுத்தால் பிழைதான் வரும். எப்போதும் காத்திருந்தே ஆக வேண்டிய இடத்தில் காத்திருப்பதை யார் தனியாகக் கற்றுக்கொள்ளப் போகிறார்கள்?

இது மாறக்கூடிய ஒரு நாள் எங்கள் மாவட்டத்திலேயே வந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று அப்போதைய முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது திருவள்ளூர் பக்கத்துக் காக்களூரில். அந்த மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் உருவாக்கியது, டெபியன் வழி வந்தது. ஆகவே ஃபோர்க், பைப், வெயிட் மூன்றும் அசலாகவே உள்ளே இருந்தன. லேப்பில் கிடைக்காதது பள்ளிப் பிள்ளைகளின் பையில் இருந்தது. எங்கள் தெருவில் நான் பார்த்தவரை எல்லோரும் விண்டோஸில் படம்தான் பார்த்தார்கள். அது வேறு கதை :-)

பைப்பும் வெயிட்டும் அசலாக இருந்தால் சிக்கலும் அசலாக வரும். லினக்ஸ் பைப்பில் வழக்கமாக 65,536 பைட் நிற்கும். 1970-களின் யூனிக்ஸில் 4,096தான். பிள்ளை அதற்கு மேல் எழுதினால், யாராவது படிக்கும்வரை அங்கேயே நிற்கும். அப்பா குழாயைப் படிக்காமல், "நீ முதலில் முடி" என்று வெயிட்டில் உட்கார்ந்தால் போச்சு. அவர் முடிவதற்குக் காத்திருக்கிறார், அது படிப்பதற்குக் காத்திருக்கிறது, இரண்டும் நகராது. சின்னக் கோப்பை வைத்துச் சோதித்தால் ஒழுங்காக ஓடும், பெரியது வந்தால்தான் உறையும். முதலில் கடைசிவரை படி, பிறகு காத்திரு. அப்பா தன் கையில் இருக்கும் எழுதும் முனையையும் மூடிவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் "கடைசி" வரவே வராது.

காத்திருக்காமலே போனால்? பிள்ளை செத்தாலும் அதன் எண்ணும், எப்படி முடிந்தது என்ற குறிப்பும் பட்டியலில் அப்படியே கிடக்கும். இதற்கு ஜாம்பி என்று பெயர். அப்பா வந்து வாங்கிக்கொள்ளும்வரை போகாது. பீஓப்பனால் திறந்ததை பீக்ளோஸ் செய்யாமல் சாதாரண எஃப்க்ளோஸ் போட்டு மூடினாலும் இதுதான் நடக்கும். ஜாப் வொர்க்கிலும் ஜிஎஸ்டி சட்டத்தின் 143-வது பிரிவு இதே இடத்தில்தான் பிடிக்கிறது: அனுப்பிய மூலப்பொருள் ஒரு வருடத்துக்குள் திரும்பாவிட்டால், அனுப்பிய நாளிலேயே விற்றதாக வைத்து வரி கேட்கும். லினக்ஸ் அவ்வளவு கறார் இல்லை. அப்பாவே செத்துப்போனால் இனிட் என்ற முதல் ப்ராசஸ் அந்த அனாதைகளைத் தத்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் வெயிட் போட்டுக் கணக்கை முடித்துவிடும்.