கொச்சி இறாலும் கிள்ளும் கைகளும்

1341-இல் பெரியாற்று வெள்ளம் கொச்சி முகத்துவாரத்தைத் திறந்தது, வைப்பின் தீவும் அப்போது உருவானது என்று படித்திருப்போம். மிளகு போன அத்துறைமுகத்திலிருந்து 1953-இல் உறைய வைத்த இறால் அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. உறைய வைக்க இயந்திரம் வந்தாலும், ஓடு உரிக்கக் கைதான் வேணும். வைப்பின் கொட்டகைகளில் அந்தக் கைகள் பெண்களுடையவை. "செம்மீன் கிள்ளுறது" என்பார்கள். கூலி நாளுக்கு அல்ல, பேசின் கணக்கு.

1997-இல் சுகாதாரக் குறை சொல்லி ஐரோப்பிய ஒன்றியம் இந்தியக் கடலுணவைத் தடுத்தது. அதன்பின் எஃகு மேசை, குளோரின் நீர், கையுறை, தலைத்தொப்பி எல்லாம் கட்டாயமாயின. இறாலின் சுத்தத்துக்கு இத்தனை விதிகள். ஐஸில் மரத்துப்போகும் விரல்களுக்கோ அதே பேசின் கணக்குத்தான். ஏற்றுமதிப் பெருமையை எழுதும் நாம், இவர்களின் உழைப்பையும் சேர்த்தே எழுத வேண்டும் என்பேன்.